சித்தப்பாவுக்குத் தெரிந்த துப்பாக்கிகள்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் என் சித்தப்பா ஒருவர்தான். ஒன்றைக்கூட அவர் தொட்டதில்லை. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் சமையல் வேலை. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை யாரோ விட்டுப்போன, பட்டாளத்துக் கைத்துப்பாக்கிகளைப் பற்றிய படப்புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. தூசி தட்டும் சாக்கில் அதை முழுதாகப் படித்துவிட்டார்.

மழை பெய்யும் நாட்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்வார். வெப்ளி, பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரிகளின் சுழல்துப்பாக்கி. நடுவில் மடித்தால் சுட்டுத் தீர்ந்த கூடுகளைத் தானே வெளியே தள்ளும். ஜெர்மன்காரனின் லூகருக்குத் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும். எட்டு வயதில் எனக்கு ராஜா ராணி கதைகளைவிட இவைதான் பிடித்தன.

பங்களாவுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்தும்போது அவருக்குப் பாசிநிறம் ஏறிய தோட்டா ஒன்று கிடைத்தது. குட்டையாக, தடியாக இருந்தது.

"வெப்ளியோடது பாப்பா. இதைச் சுடுற துப்பாக்கிய இப்ப யாரு வச்சிருக்கா?" என்று முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அது யுத்தகாலம். கொழும்பில் குண்டு வெடித்தால் எங்கள் லயத்தில் சோதனை நடக்கும். அப்படி ஒரு காலையில் வந்த ராணுவ அதிகாரி கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த தோட்டாவைக் கையில் எடுத்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா பதறவில்லை. தெரிந்ததைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார் போலிருக்கிறது. சிங்களத்தில், மிகுந்த மரியாதையோடு விளக்கினார்.

"இது வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டாங்க சேர். உங்க இடுப்புல இருக்கிறதுக்குப் பொருந்தாதுங்க. அது லூகருக்குன்னு செஞ்ச ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா சுடுறதுங்க."

அதிகாரியின் கை தானாக இடுப்புக்குப் போனது. "இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

புத்தகம் என்றார் சித்தப்பா. துரையைக் கேட்டார்கள். அப்படியொரு புத்தகத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார் துரை. சித்தப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவரை மீட்க அப்பா ஹட்டனுக்கும் கண்டிக்கும் கால் தேய அலைந்தார். அடுத்த தீபாவளியும் போன பிறகுதான் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஆசையோடு போய் ஒட்டிக்கொண்டேன்.

"சித்தப்பா, லூகர் கதை சொல்லுங்க."

சட்டென்று எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார்.

அதுவரை யாருமே என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. விளையாடுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா ஏன் அழுதுகொண்டே என்னை வெளியே இழுத்துப் போனாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.