நாலு நாட்டு வீட்டு விளம்பரமும் ஒரு டர்பன்டைன் மரமும்

நான் ஹட்டனில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியவில்லை. அதனால் அப்பா காலத்தில் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயக் காம்பராவை வருஷ முடிவுக்குள் ஒப்படைக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மனைவி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "இனி எவனும் எழும்புன்னு சொல்ல முடியாத வீடா பாருங்க."

வேறொருவனாக இருந்தால் டவுனில் நாலு பேரிடம் விசாரித்திருப்பான். நான் படித்தவன் அல்லவா, இங்கிலாந்திலிருந்து தொடங்கினேன்.

ஒரு மாதம் கைப்பேசியில் பல நாட்டு வீட்டு விளம்பரங்களை வாசித்தேன். பொய்யை இவ்வளவு மரியாதையாகச் சொல்லும் இலக்கியம் வேறெதுவும் இல்லை. இங்கிலாந்தில் 'கதகதப்பான வீடு' என்றால் கட்டிலைப் போட்டபின் கதவு திறக்காது. 'தனித்தன்மை மிக்கது' என்றால் கூரை ஒழுகும். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளை அவர்கள் பெருமையோடு விற்கிறார்கள். நாங்கள் அதை லயம் என்று சொல்லி இத்தனை காலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியாவில் வாசலிலேயே ஏலம், மரக்கறிச் சந்தை மாதிரி. கனடாவில் விற்கிற வீட்டில் பிஸ்கட் சுட்டு வைப்பார்களாம், வந்தவன் வாசத்தில் மயங்குவதற்கு. நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? 'டவுனுக்கு ஐந்து நிமிடம்' என்று போடுகிறார்கள். மலைச்சரிவில் உருண்டு போனால் சரிதான்.

நிலமும் சேர்ந்து சொந்தமானால் ஃப்ரீஹோல்ட், நிலம் இன்னொருவனுடையது என்றால் லீஸ்ஹோல்ட் என்று ஆசிரியர் ஓய்வறையில் பாடமே நடத்தினேன். கேட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

கடைசியில் நானுஓயாவுக்கு மேலே 'பனிமூட்டக் காட்சியுடன்' ஒரு வீடு கண்ணில் பட்டது. மனைவியோடு போனேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வரவேற்றார். காட்சி என்று ஒன்றுமே தெரியவில்லை. விளம்பரத்தில் பனிமூட்டம் ஒன்றுதான் உண்மை.

"இது ஃப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா?" என்று கம்பீரமாகக் கேட்டேன்.

"ரொம்ப ஸ்ட்ராங்கு சேர்," என்றார் அவர். "போன மழைக்குப் பக்கத்துல எல்லாம் மண் சரிஞ்சிச்சு, இது அசையல."

நானும் திருப்தியோடு குறித்துக்கொண்டேன்.

மனைவி பின்பக்கம் போய், குசினிக் கூரைமேல் சாய்ந்து நின்ற ஒரு டர்பன்டைன் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இத வெட்டணும்னா என்னா செய்றது?" என்று வீட்டுக்காரரின் மனைவியிடம் கேட்டாள்.

"அதுக்குக் கண்டாக்கையாகிட்ட சொல்லணும் தங்கச்சி. அவரு தொரைகிட்ட கேட்டு ஆள் அனுப்புவாரு."

நான் தலையாட்டினேன். சத்தியமாகத் தலையாட்டினேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, மரம் என்றால் தோட்டத்து மேற்பார்வைக்காரரான கண்டாக்கையாவைக் கேட்பதுதானே உலக வழக்கம்? நாலு நாட்டுச் சட்டம் பேசியவனுக்கு அதில் ஒரு பிசகும் தெரியவில்லை.

மனைவி மட்டும் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நெலம் தோட்டத்தோடதா அண்ணே? உறுதிப் பத்திரம் இல்லியா?"

"இத்தன வருஷமா யாரும் ஒண்ணும் கேக்கலயேம்மா..." என்று அவர் இழுத்தார்.

"இதைத்தான் இங்கிலாந்தில..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வாங்க போவோம்," என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் வாயைத் திறந்தாள். "ஒரு லயத்துலருந்து எழும்பி இன்னொரு லயத்த வாங்கப் பாத்தீங்களே! அதுவும் பனிமூட்டத்தோட!" முன்சீட்டுக் கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் ஜன்னலைத் திறந்து காட்சியைப் பார்த்தேன்.

அதன்பிறகு வீடு பார்க்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடப் போனேன். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி மரத்தைப் பற்றித்தான். கேட்டவுடன் விழித்தவர்கள் வீட்டில் நாங்கள் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

கினிகத்தேனையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் கேட்டில் அட்டை தொங்கவிட்டிருந்தார். 'வீடு விற்பனைக்கு'. அவ்வளவுதான், காட்சியும் இல்லை, கதகதப்பும் இல்லை. முற்றத்தில் ஒரு வளைந்த கொய்யா.

"நானா, இத வெட்டணும்னா யாரக் கேக்கணும்?" என்று மனைவி அவரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள்.

அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். "வாங்கினா ஒங்கட மரம் தானே தங்கச்சி. பொறகு ஏன் ஒருத்தர்ட்ட கேக்கணும்?" என்று சொல்லி, உள்ளே போய் உறுதியை எடுத்து வந்தார். மனைவி அதைப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் காட்டிய பிறகுதான் சிரித்தாள்.

வருஷம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது காம்பராச் சாவியை ஆபீசில் கொடுத்தோம். "எங்க போறீங்க?" என்று கிளாக்கர் கேட்டார். கினிகத்தேனையின் வெயில் மழைச் சுவாத்தியத்தை விளக்க நான் வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு."