வண்டிப்பேட்டை முக்கைத் தாண்டவில்லை

சந்தை நாளில் வெளியூர்க்காரர்கள் எங்கள் வாசலில் நின்று வழி கேட்பார்கள். நடந்த கொலையைப் பாட்டாக அச்சடித்துக் கொலைச் சிந்து என்று விற்பவன் பாடிப் பாடி, வண்டிப்பேட்டை முக்கின் பெயரைக் கல்லல், சிங்கம்புணரி வரைக்கும் கொண்டுபோய்விட்டான். போன வாரம்கூட ஒருவர் கேட்டார்.

"ஏந்தாயி, ஆறு பேரு சேந்து வண்டிக்காரரை வெட்டுன எடம் இங்குட்டுத்தானா? ரத்தம் இன்னமும் இருக்கா, கழுவிட்டாகளா?"

கூட வந்தவர் சிரித்தார். "நாலு வருசமா ஒனக்காகக் கழுவாம வச்சிருக்காக, வாய்யா."

நான் கையைக் காட்டினேன். எங்கள் வாசலிலிருந்து நூறு அடிகூட இல்லை.

அந்தச் சிந்தை நானும் வாங்கி வாசித்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆறு அரிவாளும் அதில் வருகின்றன. வண்டிக்காரரின் மனைவி மாரில் அடித்துக்கொண்டு அழுவதும் வருகிறது. அவர் மடியில் இருந்த பிள்ளை மட்டும் வரவில்லை.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் மகள் பிறந்ததும் எனக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் பால் இல்லை. என் மாமியார்தான் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தார். அக்காவின் மகனுக்கு அப்போது இருபது நாள். அவனையும் இடுக்கிக்கொண்டு காலையும் மாலையும் வருவார். நான் கூசிக் குறுகினால், "ஆண்டவன் ரெண்டு எதுக்குக் குடுத்திருக்கான்? ஒண்ணு எம்மகனுக்கு, ஒண்ணு ஒம்மகளுக்கு. சண்டை போடாமக் குடிக்கட்டும்" என்பார்.

சந்தைக்கு வரும் வண்டிகளை மறித்துக் காசு பறிக்க ஊரில் ஒரு கூட்டம் இருந்தது. அக்காவின் புருஷன் கோர்ட்டில் நின்று அதில் இரண்டு பேரை அடையாளம் காட்டினார். ஜாமீனில் வந்த அவர்கள், அடுத்த சந்தையன்று நடுப்பகலில் இன்னும் நாலு பேரோடு வந்து அவரை முக்கில் வைத்து வெட்டிப்போட்டார்கள். பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பேர் முக்கில் சாய்ந்து நின்று, சந்துக்குள் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வீடு அந்தச் சந்துக்குள்தான். வேறு வழி கிடையாது.

மூன்றாம் நாள், செத்தவரின் தங்கை எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, மதினிக்குப் பால் வத்திப்போச்சு. பிள்ளை கத்துறான். ஒரு நேரமாச்சும் வந்து குடுத்துட்டுப் போறீகளா?"

நான் எழுந்தேன். மாமியார் என் கையைப் பிடித்தார். "பால் குடுக்கிறவ வெட்டுப்பட்ட மண்ணைத் தாண்டுனா பால் திரிஞ்சுபோகும். முப்பது நாளைக்கு அங்குட்டுப் போகக் கூடாது."

"அப்ப பிள்ளையை இங்குட்டுத் தூக்கிட்டு வா" என்றேன்.

"மதினி விட மாட்டேங்கிறாக. பிள்ளையையும் பிடுங்கிருவானுகன்னு மடியவிட்டு எறக்கல. ஒரு கிண்ணத்துலயாச்சும் பீச்சிக் குடுங்கக்கா."

"அந்தப் பாலும் அந்த மண்ணைத் தாண்டித்தானே போகணும்?" என்றார் மாமியார்.

அந்தப் பெண் படியிறங்கித் திரும்பினாள். "எங்க மதினி ஒங்க பிள்ளைக்குக் குடுக்கறப்ப எந்த மண்ணையும் பாக்கலையே" என்றாள். போய்விட்டாள்.

எனக்கோ அப்போது பால் அதிகம். கட்டிக்கொண்டு வலிக்கும். தினமும் காலையில் கிணற்றடி வாழையின் தூரில் பீய்ச்சிவிடுவேன். நூறு அடி தள்ளி அந்தப் பிள்ளை அழுவது கேட்டுக்கொண்டே இருக்கும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இரண்டு முறை வாசல்வரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன்.

மாமியார் சொன்னதை நான் நம்பினேனா? இல்லை. பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். முக்கில் நின்ற இரண்டு பேரையும், தொட்டிலில் கிடந்த என் மகளையும் நினைத்தால் கால் நகரவில்லை. மாமியார் சொன்ன சாஸ்திரம் என் பயத்தின் மேல் ஒரு துணி போட்டு மூடியது. அவருக்கும் அந்தப் பயம்தான் இருந்ததோ என்னவோ. நாங்கள் அதைப் பேசிக்கொண்டதே இல்லை. இப்படி எழுதுவதும் பாதியை அவர் மேல் தள்ளிவிடத்தானோ என்று தோன்றுகிறது.

ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தார்களாம். பிள்ளைக்கு வயிறு போகத் தொடங்கியது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினோராம் நாள் காலையில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அப்பாடா, எங்கிருந்தோ பால் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அன்று நிம்மதியாக இரண்டு வாய் கூடவே சாப்பிட்டேன்.

உச்சிவேளையில் அந்தத் தங்கை தெருவில் போனாள். முன்னால் ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றியதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். அவள் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் இறங்கி ஓடினேன். மாமியார் தடுக்கவில்லை. முக்கில் அந்த இரண்டு பேரும் நின்றார்கள். ஒருவன் மற்றவனின் தோளைத் தட்டினான்.

"தள்ளி நில்லுடா, பச்சப்பிள்ளைக்காரி வருது."

வழி விட்டார்கள். மூன்றாம் நாளே வந்திருந்தாலும் விட்டிருப்பார்களோ? அதைத்தான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடி வெறுமையாக இருந்தது. ஓடி வந்ததில் என் மாராப்பு பாலில் நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளை பசிச்சு அழுகும். வீட்டுக்குப் போ தாயி."

அன்று சாயங்காலம் என் மகள் எப்போதும்போல் குடித்துவிட்டுத் தூங்கினாள். பால் திரியவில்லை.