ஒரு அடி ஆழத்துக்கு ஒரு பேரம்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கினாயே, உன்னைத்தான் சொல்கிறேன். பேர் போடவில்லை, படித்தால் உனக்கே தெரியும். ஷெட் போட்டு வருஷக்கணக்காக உருக்கினாய். பிறகு ஷெட்டைப் பிரித்தாய், மேலே செம்மண்ணைப் பரப்பினாய், நாலு நாலு சென்டாக நறுக்கி விற்றுவிட்டுப் போனாய். பின்னால் வருகிறவன் பாடு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாயா?

பின்னால் வந்தவன் நான். திருவனந்தபுரத்தில் மண் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்பில் புத்தகத்தைப் போட்டுவிட்டு டிப்பரில் கிளீனராக ஏறினேன். அடிபட்டு, ஏமாந்து, பேசிப் பேசியே ஒரு ஜேசிபியும் இரண்டு டிப்பரும் சொந்தமாக்கினேன். முன்னெல்லாம் வீடு வீடாக மண் கொண்டுபோய்க் கொட்டுவேன், எல்லோரும் டீ கொடுப்பார்கள். இப்போது விஷ மண்ணைத் தோண்டி எடுக்கும் கான்ட்ராக்ட். கேட்டைத் திறக்கவே ஆளில்லை. நல்லது செய்யப்போய் வசவு வாங்கியவர்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும்.

இந்த இடத்துக்கு எங்களைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு நாலு வயதுப் பிள்ளை. பேச்சி என்று பேர். அம்மா இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, இங்கே கழக்கூட்டம் ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் வேலை. பிள்ளைக்கு வயிற்றுவலி ஓயவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் ஈயம்.

பூந்தொட்டி மண்

பேச்சி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சுகுமாரன் சார், ஆபீஸ் வேலையில் ரிட்டயர் ஆனவர். மண்ணைப் பரிசோதிக்கும் லேப் மேடமும் நானும் போய் முற்றத்தில் ஐந்து இடத்தில் குச்சி நட்டோம். நாளைக்கு இங்கேதான் மாதிரி எடுப்போம், யாரும் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னோம்.

மறுநாள் தோண்டினால் ஐந்து குழியிலும் பஞ்சு மாதிரி கறுத்த மண். தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், ஒன்றில் பாதி மக்கிய ரோஜாக் காம்பு. மனுஷன் நர்சரியில் மூட்டை வாங்கி வந்து, குச்சி நட்ட இடத்தில் மட்டும் பழைய மண்ணை எடுத்துவிட்டு நிரப்பியிருக்கிறார். மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளையின் ரத்தம் கெட்டுக் கிடக்கிறது, இவர் மண்ணுக்கு மேக்கப் போடுகிறார். சத்தம் போட்டேன். அவர் அசையவில்லை.

"வீட்டுக்கு ஆள் வரும்போ கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க, கான்ட்ராக்டரே?"

இருபத்தோராவது கேள்வி

ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட ஒரு படிவம் உண்டு. பிள்ளை எத்தனை மணி நேரம் வெளியே விளையாடும், எந்தக் கிணற்றுத் தண்ணீர், முற்றத்துக் கீரையைச் சமைப்பீர்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். மேடம் மலையாளத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, இசக்கியம்மாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இருபத்தோராவது கேள்வி: பிள்ளை மண் தின்னுமா? சேச்சே, தொடவே மாட்டா என்றாள்.

அவள் பின்னால் பேச்சி நின்றிருந்தது. உதட்டைச் சுற்றிச் செம்மண், மீசை வைத்த மாதிரி. நான் பிள்ளையைக் காட்டினேன். இசக்கியம்மாள் முந்தானையால் அதன் வாயை அழுத்தித் துடைத்துவிட்டு, இல்லை என்றே மறுபடி சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த ஒரு பதிலை வைத்துத்தான் அரை அடி தோண்டுவதா ஒரு அடி தோண்டுவதா என்று முடிவாகும், உன் பிள்ளைக்கு நீயே குழி பறிக்காதே என்று கத்திவிட்டேன். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"மண்ணு திங்கிற பிள்ளைன்னு எழுதிட்டா, பெத்தவ சோறு போடலன்னுதானே அண்ணாச்சி படிப்பாவ?"

அரை ஸ்பூன்

ஆமாம் என்று எழுதினோம். கணக்கு ஒரு அடி என்று வந்தது. ஒரு அடி மண்ணை எடுத்துவிட்டு, அடியில் துணி விரிப்பைப் போட்டு, மேலே சுத்தமான மண் நிரப்ப வேண்டும். சுகுமாரன் சார் பேரத்துக்கு வந்துவிட்டார். அரை அடி போதும் என்றார். பலா வேர் அறுந்துபோகும் என்றார். ஆழமாகத் தோண்டினால் ஊர் பேசும், பிறகு இடத்தை எவன் வாங்குவான் என்றார். கடைசியில் எட்டு அங்குலத்துக்கு ஏறினார், மீன்காரியிடம் நிற்பது போல.

பேரம் நான் சோறு தின்ற தொழில். எட்டு என்றால் பத்து, பத்து என்றால் பதினொன்று என்று பேசி முடித்திருப்பேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மேடத்தின் கருவி பத்து அங்குலத்திலும் ஈயம் காட்டுகிறது. அதனிடம் என்ன பேசுவது? ஒரு ஸ்பூனில் அந்த மண்ணைப் பாதி அள்ளி அவர் முன்னால் நீட்டினேன். பேச்சி தின்கிறதைத்தான் தருகிறேன், இதை முழுங்குங்கள், எட்டு அங்குலத்தோடு நிறுத்துகிறேன் என்றேன். அவர் ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஷுகர் உண்டு. வெளியில இருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, கேட்டோ."

ஒரு அடி என்று முடிந்தது.

நாலு லோடு

ஜேசிபி இறங்கியது. அங்கங்கே கறுப்பு ஏறிய ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு. பேட்டரிப் பெட்டியின் உடைசல் பளபளவென்று கிடந்தது. என் ஆபரேட்டர் ஸ்டீபன், என்னோடு இருபது வருஷமாக இருப்பவன், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். செம்மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். வெள்ளைப் பரல் கலந்த அந்த மண் எந்தக் குன்றில் வெட்டியது என்று எனக்குத் தெரியாதா?

வீடுகள் வந்ததில் இடம் அடையாளம் தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு உனக்காக நான் கொட்டிய மண்தான். உனக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலத்துக்குள் மூட வேண்டும் என்று அவசரப்படுத்தினாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இன்னும் நாலு லோடு போடட்டுமா என்றுதான் கேட்டேன். அதை ஸ்டீபனிடம் சொல்லி, கீழே இருந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று சமாளிக்கப் பார்த்தேன்.

"கறுப்பு மண்ணு அன்னைக்கே தெரிஞ்சுதுண்ணே. நீங்கதான் பேசாம வண்டிய ரிவர்ஸ் எடுன்னீங்க."

தார்ப்பாய்க்கு அடியில்

எடுத்த மண்ணை விஷக் கழிவுக்கென்றே கட்டிப் பூட்டிய குழிக்குத்தான் அனுப்ப வேண்டும். லாரி வர இரண்டு நாள். தார்ப்பாய் போட்டு மூடி, சிவப்பில் போர்டும் வைத்தோம். மூன்றாம் நாள் குவியல் இளைத்திருந்தது.

தேடினால், அடுத்த வீட்டு ரோசம்மா அக்காவின் மொட்டை மாடியில் பன்னிரண்டு பை. எல்லாவற்றிலும் நம் மண், கீரை விதை தூவி, தண்ணீரும் தெளித்தாயிற்று. இந்த ஊரில் மண் என்றால் யாருக்கும் கை சும்மா இருக்காது. போர்டைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். படித்தாளாம்.

"அதுல ஆளு தொடக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு. நான் கையுறை போட்டுத்தான் அள்ளினேன்."

பூட்டிய நாலு சென்ட்

ரோசம்மா அக்காவின் பைகளும் லாரியில் ஏறின, பேச்சியின் முற்றம் முடிந்தது. பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு நாள் நானும் நல்ல மனுஷன்தான் என்ற நினைப்பில் இருந்தேன். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்தது.

பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு சென்ட் இருக்கிறது. உன் உலை இருந்த மூலை. அதை மட்டும் நீ விற்கவில்லை. கேட்டுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாய். உன் கையெழுத்து இல்லாமல் நாங்கள் உள்ளே கால் வைக்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கேட்டால் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம் என்கிறார்கள். அது மழையில் ஊறி விழுந்து கிடக்கிறது. சுவருக்கு அடியில் இருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து, நாங்கள் போட்ட புது மண்ணில் பாம்பு மாதிரி ஓடியது. இசக்கியம்மாள் பேச்சியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் இறக்கிவிடாமல் வைத்திருப்பாள்?

"நீங்க அள்ளுனது சரி, அண்ணாச்சி. மழை அள்ளிட்டு வாரத ஆரு அள்ளுவா?"

அந்தக் கேள்வி உனக்குத்தான்; பதில் உன்னிடம் இருக்கிறது. இந்த முற்றத்தில் நான் போட்ட செம்மண்ணை நானே காசு வாங்காமல் அள்ளிவிட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் வந்து அந்தப் பூட்டைத் திற, கையெழுத்தைப் போடு, கையில் ஒரு மண்வெட்டியோடு பேச்சி பார்க்க இறங்கு. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, எத்தனை அடி என்று நீ சொல்வதற்கு முன்பே, எவ்வளவு ஆழமானாலும் சரி என்று சொல்ல ஒரு பேரக்காரன் காத்திருக்கிறான்.