மாமா உடைக்காத தேங்காய்கள்

என் மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சொந்த வீடு கிடையாது, ஓட்டுவது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஆனால் தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில், ரதம் வரும் சாலையோரம் அவர் குவித்து வைக்கும் தேங்காய்களைப் பார்த்தால் ஏதோ தோட்ட முதலாளி என்றுதான் நினைப்பீர்கள். ஐந்நூற்று ஒரு தேங்காய். ஒருமுறை பினாங்குப் பாலத்தில் லாரி இடித்துத் தூக்கியெறியப்பட்டும் உயிர் பிழைத்து வந்தார். அதற்காக முருகனுக்கு நேர்ந்துகொண்டது அது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வருஷம் முழுக்க ஓவர்டைம் பார்த்து அதற்கென்றே தனியாகப் பணம் சேர்ப்பார். ரதம் நெருங்கியதும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உடைக்கத் தொடங்குவார். அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு அப்படி ஒரு கர்வம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லி எல்லோரையும் அறுத்துத் தள்ளுவேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் மேல்வீட்டில் இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. அப்பா, அம்மா, என் வயதில் ஒரு பெண். அப்பாவுக்குக் கார் கழுவும் கடையில் வேலை. அவர்களிடம் சரியான ஆவணங்கள் இல்லாததால் அந்தப் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க முடியவில்லை. எனக்கோ அவள் கொடுத்து வைத்தவள் என்று பொறாமை. மாலையில் படிக்கட்டில் உட்கார்ந்து என் கணக்குப் புத்தகத்தை ஆசையாக வாங்கி எல்லாக் கணக்கையும் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடம் போகிற எனக்கு வீட்டுப்பாட வேலை மிச்சம்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஆஸ்பத்திரி என்றாலே அவர்களுக்குப் பயம். பெருங்காயத் தண்ணீரைக் கொடுத்தே இரண்டு நாளை ஓட்டினார்கள். மூன்றாம் நாள் அவள் கத்தியது கீழே எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மாமா யாருடைய காரையோ இரவல் வாங்கி அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். குடல்வால் வெடித்திருந்தது. டாக்டர்கள் உடனே அறுவை செய்து காப்பாற்றிவிட்டார்கள். பில் அதற்குப் பிறகு வந்தது.

எனக்குத் தெரிந்து அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். காய்ச்சலோ காது வலியோ, அம்மா கவுண்டரில் ஒரு வெள்ளியை நீட்டுவார், ரசீது வரும், அவ்வளவுதான். வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, காப்பீடு இல்லாதவர்கள் முழுத் தொகையையும் தாங்களே கட்ட வேண்டும் என்றெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? சமையலறையில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில், பாவம், பில்லைக் கட்ட முடியவில்லையாம் என்று பேசிக்கொண்டதைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். ஒரு வெள்ளிகூட இல்லாத குடும்பமும் உலகத்தில் உண்டா என்று இருந்தது.

மறுநாள் மாமாவோடு அவளைப் பார்க்கப் போனபோது, கேன்டீன் காசில் மிச்சம் பிடித்த ஒரு வெள்ளி நோட்டை எடுத்துப்போனேன். வார்டுக்கு வெளியே நின்றிருந்த அவள் அப்பாவிடம் நீட்டி, "அங்கிள், இத வச்சு பில்லு கட்டிருங்க" என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பெரிய உதவி பிள்ளை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்குப் போய் இப்படிக் கலங்குகிறாரே என்று நினைத்தேன்.

மாமாவுக்கு அன்று வேறு கவலை. பில்லைக் கட்டாமலே மகளைத் தூக்கிக்கொண்டு, பார்வையாளர் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போய்விடுவது என்று அந்த மனிதர் முடிவு செய்திருந்தார். தையல் பிரிக்க வேண்டும், உள்ளே சீழ் வைத்தால் திரும்ப வர வேண்டும். சொல்லாமல் ஓடிப்போனவர் எந்த முகத்தோடு திரும்பி வருவார்? மறுபடியும் பெருங்காயத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். இந்த முறை பிள்ளை பிழைக்காது. மாமா இதையெல்லாம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். பணத்துக்கு நான் வழி செய்கிறேன் என்றார். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

"சும்மா காசு வேண்டாம் அண்ணை. திருப்பித் தர ஏலாத காசை நான் எப்பிடி வாங்குறது?"

மாமா என் தோளில் கை வைத்தார்.

"இந்தப் புள்ள குடுத்த ஒரு வெள்ளிய ரெண்டு கையால வாங்குனீங்கல்ல தம்பி. அவகிட்ட வாங்குன மாதிரி என்கிட்டயும் வாங்கிக்கிங்க லா."

அவர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். அதற்குமேல் மறுத்துப் பேசவில்லை. நான்தான் பில்லைக் கட்டிவிட்டேனே, மாமா எதற்கு நடுவில் வருகிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

மாமாவின் தேங்காய்ப் பணம் அந்தப் பில்லுக்கு எந்த மூலைக்கு? அடுத்த சில நாள் அவர் என்ன செய்தார் என்பதை அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். எங்கள் சாலையில் தேங்காய் உடைப்பதில் மாமாவுக்குப் போட்டி, இரும்புக்கடை வைத்திருந்த சீன முதலாளி. மாமாவைவிட ஒரு தேங்காயாவது கூட உடைக்காவிட்டால் அவருக்கு வியாபாரம் ஓடாது என்று நம்பிக்கை. மாமா நேராக அவர் கடைக்குப் போய், இந்த வருஷம் நான் உடைக்கப்போவதில்லை, நீங்களே ஜெயித்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் சொன்னாராம். எதிராளி இல்லாமல் ஜெயிப்பதில் என்ன சுகம்? அவர் காரணம் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் தேங்காயில் பாதியை நிறுத்தி அந்தப் பணத்தை எடுத்து வைத்தார். மாமா சூட்டோடு சூடாகத் தேங்காய் உடைக்கும் மற்றவர்களிடம் போய், முதலாளி பாதியாகக் குறைத்த கதையைச் சொன்னார். அவ்வளவுதான். யார் குவியல் பெரியது என்று முண்டிக்கொண்டிருந்தவர்கள், யார் அதிகம் குறைப்பது என்று முண்ட ஆரம்பித்தார்கள். அப்படியும் குறைந்த பணத்தை மாதாமாதம் கட்டலாம் என்று ஆஸ்பத்திரியிலும் சம்மதித்தார்கள்.

அம்மாதான் பயந்தார். நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகுமோ என்று. தினமும் அந்தப் பாலத்தில் போய் வருகிற தம்பி ஆயிற்றே. முருகனிடமே கடன் சொல்வாயா என்று சண்டை போட்டிருக்கிறார்.

"முருகன் அவசரப்படல அக்கா. ஆஸ்பத்திரிதான் அவசரப்படுது" என்றாராம் மாமா.

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பால்குடத்துக்கு எடுக்கவிருந்த புதுச் சேலைக்கான பணத்தைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் இப்போது செபராங் ஜெயாவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று எழுதியிருக்கும் தாள்களின் நடுவில்தான் என் நாள் போகிறது. மாமாவை நினைக்காமல் ஒரு வாரம்கூடப் போவதில்லை. அவரைப் போல ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த வருஷம் ரதம் வந்த காலை எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. ரதம் வரப்போகிறது. வழக்கமாகக் குவியல் இருக்கும் இடத்தில் வெறும் தார்ச்சாலை. மாமா சட்டையைக் கழற்றவில்லை, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். கையில் ஒரே ஒரு தேங்காய். ரதம் வந்ததும் அதை உடைத்தார், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார், முடிந்துவிட்டது. எதிரே என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, நம்ம தேங்கா எல்லாம் எங்க?"

மாமா சாலைக்கு எதிர்ப்புறம் கை காட்டினார்.

"அதோ நிக்குது பாரு."

அங்கே தண்ணீர்ப் பந்தல். அதன் முன்னால், என் பழைய மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மேல்வீட்டுப் பெண் தன் அப்பாமேல் சாய்ந்து நின்று ரோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் சாலையைக் கடந்து ஓடினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்க எனக்கு நேரம் இல்லை. அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் இருந்த மேசையின் துணியைத் தூக்கி, தேங்காய் எங்கே என்று குனிந்து தேடினேன்.