அரை நிமிடம் பின்னால் வந்த கல்யாணம்

அக்காவின் படுக்கையறைக்கு டிவி வாங்கித் தந்தது நான்தான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் நல்ல தம்பி என்பதுபோலத் தலையசைக்கிறார்கள். நானும் அந்தத் தலையசைப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன்.

என் மகனுக்கு ஆவணியில் தாராபுரத்தில் கல்யாணம் என்று மண்டபம் பேசி முடித்திருந்தோம். ஆடி பிறந்த வாரத்தில் அக்கா துடியலூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். அத்தான் காலமாகி வெகுநாள் ஆகிறது. ஒரே மகள் கடல் கடந்து இருக்கிறாள். பக்கத்து வீட்டம்மாதான் அக்காவுக்குத் துணை. உக்கடத்தில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம் அவர்களுடையது. ஒரு நாளைக்கு நாலு முறையாவது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அக்கா கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். காரின் பின்சீட்டில் படுத்தபடி நிதானமாகப் போகலாம், மண்டபத்தில் சக்கர நாற்காலி இருந்தால் கொஞ்ச நேரம் உட்காரலாம், வலி இருக்கும், அது உங்கள் விருப்பம் என்றார். வெளியே வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டது நான் மட்டும். உள்ளே போய் அக்காவிடம் சொன்னபோது அது, "டாக்டரு யோசிக்கறாருங்கக்கா" என்று ஆகியிருந்தது.

"பின்சீட்டுல படுத்துட்டே வந்தர்றேன் கண்ணு. ஓரமா ஒரு சேரப் போட்டீன்னா உக்காந்துக்கறேன்" என்றார் அக்கா, டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவர்போல.

அதெல்லாம் வேண்டாம், மண்டபத்தில் இருப்பதைவிடத் தெளிவாக உங்கள் கட்டிலிலிருந்தே பார்க்கலாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன்.  அக்கா, "என்னயக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பதிலா கல்யாணத்த ஊட்டுக்குத் தூக்கிட்டு வாரயாக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் எந்தச் சீர் எதற்கு முன்னால், யார் எந்தப் பக்கம் நிற்பது, எந்தத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததைச் சபை நடுவே உரக்கச் சொல்வார். தட்டு மாறி வந்தால் திருப்பி அனுப்புவார். சம்பந்தி வீட்டார் முன்னால் இரண்டு மூன்று முறை எனக்கு முகம் சுண்டியிருக்கிறது. இந்தக் கல்யாணத்தில் பெண் வீட்டார் கொஞ்சம் பெரிய இடம். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் டிவி விஷயத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த அறையை டேப் வைத்து அளந்தேன். அக்கா மல்லாந்துதான் படுக்க வேண்டும், சில நேரம் இடப்பக்கம் ஒருக்களிக்கலாம். ஆகவே திரை வழக்கத்தைவிட உயரத்தில் இருந்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் வெளுக்கக் கூடாது. தலைமாட்டில் ஜன்னல் இருப்பதால் கண்ணாடிபோல மின்னும் திரை உதவாது. கடைக்காரர் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவியைக் காட்டினார். அந்தச் சுவருக்கு நாற்பத்து மூன்றே போதும் என்று நான் வாதாடி வாங்கினேன். வயதான காதுக்குப் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று, மனிதக் குரலை மட்டும் தூக்கிக் கொடுக்கும் ஸ்பீக்கர் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன். திரையின் கோணம் சரிதானா என்று பார்க்க, சக்கர நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துவிட்டு அவர் கட்டிலில் நானே படுத்துப் பார்த்தேன்.

"நீயே படுத்துக்க. நான் வேண்ணா தாராபுரம் போய்ட்டு வாரேன்" என்றார்.

ரவுட்டர் கூடத்தில் இருந்தது. அறைக்குள் சிக்னல் வர நடுவில் இன்னொரு பெட்டியை வைத்தேன். என் வீட்டிலிருக்கும் குடும்ப வீடியோச் சேமிப்பையும் அந்த டிவியில் வருமாறு இணைத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தின் காது குத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றையும் பழைய கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் நாள், கிழமை, இடம், வந்திருந்தவர்கள் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறேன். எதையும் வெட்டியதில்லை. கேமரா ஆடியதும், யாரோ குறுக்கே போனதும்கூட அப்படியே இருக்கும். வரலாற்றுப் புத்தகங்கள் படித்த பழக்கம். தனக்கு வேண்டாததை எடுத்துவிட்டு எழுதியவர்களை மனதுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன். அந்தச் சேமிப்பில் என் கல்யாணமும் உண்டு. அதில் கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையை ஏந்தி என் பக்கத்தில் நின்று, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீரைச் செய்தவர் அக்காதான்.

நேரலையைச் சோதித்த அன்று என் போனை ஸ்டாண்டில் வைத்து அதன் முன்னால் நின்று கை தட்டினேன். டிவியில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அரை நிமிடம் கழித்துத்தான் டிவிக்குள் இருந்தவன் கை தட்டினான். அக்காவுக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இப்படித்தான் கொஞ்சம் பின்னால் வரும், ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினேன். தாலி கட்டி முடித்து அரை நிமிடம் கழித்து இங்கே கட்டட்டும், பரவாயில்லை என்றார் அக்கா.

கல்யாணத்தன்று விடியும் முன்பே மேடைக்குப் பக்கவாட்டில் என் போனை நிறுத்திவிட்டேன். வீடியோக்காரர்கள் தனியாக இருந்தார்கள். இது அக்காவுக்கு மட்டுமானது. நடப்பதைச் சொல்லிக்கொண்டே வருவதற்காக, வயரில்லாத சிறிய மைக் ஒன்றைச் சட்டைப்பையில் குத்தியிருந்தேன். "அக்கா, இப்பப் பந்தக்கால்கிட்ட இருக்கறமுங்க, மாப்பிள்ளை வர்றாருங்க" என்று நான் பேசியது எனக்கே ரேடியோவில் கேட்பதுபோல நன்றாக இருந்தது.

இணைச்சீர் தொடங்கியது. என் மகள் பேழையை ஏந்தி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் நாள் முழுக்க அவள் போனில் அத்தையிடம் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டதுதான். அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. யாரும் யாரையும் அதட்டவில்லை. அந்த நிம்மதியில் நான் கொஞ்சம் இளகிப்போயிருந்தேன். என் மனைவியின் அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, அக்கா இல்லாமல் சீர் இப்படிச் சத்தமில்லாமல் போவதை இன்றுதான் பார்க்கிறேன் என்றார்.

"வராததும் நல்லதாப் போச்சுங்க மச்சான்" என்றேன். "வந்திருந்தா அது நொட்டை இது நொட்டைன்னு எல்லாத்தயும் நிறுத்தி வச்சிருக்கும். எந்தக் கல்யாணத்துல அது நம்மள நிம்மதியா உட்டுருக்குது."

"அதுக்குத்தான டிவி வாங்கிக் குடுத்து ஊட்லயே உக்கார வச்சுப்போட்டீங்க."

நான் சிரித்தேன். மறுக்காமல் சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே வந்தவர் என் சட்டைப்பையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பேச்சு இன்னும் துடியலூர் போய்ச் சேரவில்லை என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். அக்காவின் டிவியில் என் மகள் இப்போதுதான் பேழையோடு வந்து நின்றிருப்பாள். லைவை நிறுத்தினால் அங்கே படம் அப்படியே நின்றுவிடலாம். வார்த்தை போகாமலும் இருந்துவிடலாம். விரல் போன் பக்கத்தில் போனது. நிறுத்தினால் அக்கா இணைச்சீரைப் பார்க்க முடியாதே என்றுதான் நிறுத்தவில்லை என்று அன்று மச்சானிடம் சொன்னேன். அப்படியெல்லாம் நான் நினைக்கவில்லை. பயத்தில் கை ஓடவில்லை, அவ்வளவுதான். பிறகு செய்தது அதைவிட மோசம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அக்கா, பாப்பா பேழைய ஏந்தீட்டு நிக்கறதப் பாத்தீங்களா, உங்கள மாதிரியே இருக்கறாளுங்க" என்று தேனாகப் பேச ஆரம்பித்தேன். முந்தையது போய்ச் சேர்ந்த கையோடு இதுவும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். முகூர்த்தம் முடியும்வரை அந்தக் குரலிலேயே பேசினேன்.

மறுநாள் மணமக்களை அக்காவிடம் ஆசி வாங்கக் கூட்டிப்போனேன். அக்கா என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். என்னிடம், "டிவி நொம்பத் தெளிவாத் தெரிஞ்சுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கேட்டிருக்காது, தூங்கிப்போயிருப்பார், சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். வாசலில் பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்தபோது, சத்தமெல்லாம் சரியாகக் கேட்டதா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"நீங்க பக்கத்துல நின்னு பேசற மாதிரியே கேட்டுதுங்க. ஒரு வார்த்தைகூட உட்டுப்போகலீங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நேரலையின் பதிவைக் கணினியில் திறந்தேன். அந்த இடத்தை முழுதாகக் கேட்கத் தைரியம் இல்லை. படத்தை மட்டும் ஓட்டி, மச்சானின் தோள் திரையின் ஓரத்தில் நுழைவது முதல் என் தேன் குரல் தொடங்குவது வரை சத்தத்தை எடுத்துவிட்டேன். என் சேமிப்பில் நான் கை வைத்த முதல் பதிவு அது. வெட்டாத பதிவை அழிக்கவும் மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாத இடத்தில் ஒதுக்கி வைத்தேன். அக்காவின் டிவிக்குப் போனது வெட்டியதுதான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அக்கா வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். கல்யாணத்தைப் போடு, சேர்ந்து பார்ப்போம் என்றார். ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. முன்னால் இருந்ததையெல்லாம் வேகமாக ஓட்டிவிட்டு இணைச்சீருக்கு வந்தார். என் மகள் பேழையோடு வந்து நின்றாள். சத்தம் நின்றது. அவள் கேமரா பக்கம் திரும்பினாள், வாய் அசைந்தது.

"இங்க சத்தத்தக் காணமே."

"மைக்கு அந்த எடத்துல சித்தே வேலை செய்யலீங்கக்கா."

"அன்னைக்குச் செஞ்சுதே."

அக்கா படத்தை நிறுத்தினார். என் மகளின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

"பாப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டா. பேழைய இப்புடித்தான் புடிக்கறதுங்களா அத்தைன்னு. நான் இங்க படுத்துட்டே, ஆமா கண்ணு, இன்னும் சித்தே ஒசத்திப் புடின்னேன். அவளுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா. ஆனாலும் ஒசத்துனா. அதத்தான் தேடறேன்."

நாங்கள் சிரித்த நேரத்தில் என் மகள் அப்படி ஒன்று கேட்டாள் என்பதே எனக்குத் தெரியாது. மேடையிலிருந்து நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"அதுல வேற பேச்சும் இருக்குதுங்கக்கா" என்றேன்.

"இருக்குது. அதையும் கேட்டாச்சு. பாப்பா கேட்டதப் போடு."

என் போன் வழியாக, ஒதுக்கி வைத்திருந்த வெட்டாத பதிவை எடுத்து டிவிக்கு அனுப்பினேன். மனிதக் குரலைத் தூக்கிக் கொடுக்கும் அந்த ஸ்பீக்கர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. வராததும் நல்லதாப் போச்சு என்ற என் குரல் அந்தச் சிறிய அறை முழுவதும் கேட்டது. மச்சான் சொன்னதும் கேட்டது. என் சிரிப்பு நான் நினைத்திருந்ததைவிட நீளமாக இருந்தது. அதற்கு அடியில், மெல்லிசாக, என் மகளின் கேள்வி. அக்கா திரையை நோக்கி மோவாயைத் தூக்கி, "சித்தே ஒசத்து கண்ணு" என்றார். அவள் பேழையை உயர்த்தினாள்.

டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, ரிமோட்டின் பொத்தான்களைத் தடவிக்கொண்டே, "போன வாரம் டாக்டரு கேட்டாரு, கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தீங்ளான்னு" என்றார்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"டிவியில பாத்தனுங்கன்னேன்." பிறகு ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "இன்னொருக்காப் போடு. எனக்குப் பின்னால ஓட்டத் தெரியல."

ஓட்டினேன். பாப்பாவின் கேள்வி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் என் பேச்சைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருந்தது.

வெட்டிய பதிவை அழித்துவிட்டேன். அக்காவின் டிவியில் இப்போது இருப்பது முழுப் பதிவு. அங்கே எது, எப்போது, எதுவரை ஓடியது என்பது என் வீட்டுக் கணினியில் தெரியும். என் சேமிப்பை எத்தனை முறை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் பெருமைக்காக நானே வைத்த வசதி அது. அக்கா நடக்கத் தொடங்கிவிட்டார், கோயிலுக்கும் போய்வருகிறார். ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கல்யாணம் ஓடியதாகக் காட்டுகிறது. ஓட்டம் நிற்பது ஒரே இடத்தில், பேழை உயர்ந்த பிறகு. அந்த நாட்களைக் குறித்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அங்கே என் குரலும் கேட்டிருக்கிறது என்பதை அதன் எதிரில் எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.