இடது ஸ்பீக்கருக்கு ஆறு கூடுதல்

ஆறு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஒரு லாரி டிரைவர் வீட்டு ஹோம் தியேட்டரில் இடது ஸ்பீக்கருக்கு மட்டும் பழுது பார்க்கப் போனவர் கூட்டி வைத்த சத்தம் ஆறு புள்ளி. அந்த ஆறால், ஸ்பீக்கர்களை இயக்கும் ஒரே ரிசீவரை மூன்று தடவை பார்க்க வேண்டியதாயிற்று.

கடைவீதியில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது. முப்பத்தோரு வருடமாக ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ரிசீவர் என்று சத்தம் போடுகிற எதையும் பழுது பார்க்கிறவர். மற்ற மெக்கானிக்குகள் மீட்டரைத் தேடி எடுப்பதற்குள் இவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கண்டென்சர் போச்சு" என்பார். போயிருக்கும். வேலை செய்கிற விதம் எப்போதும் ஒன்றுதான். வலது கையில் ஸ்குரூடிரைவர். இடது காது ஸ்பீக்கர்மேல். கோளாறு வாயைத் திறக்கிறவரை சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். மீட்டர் வாங்கிய டப்பாவிலேயே தூங்கியது.

கல்யாணப் பேச்சு தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு தட்டிப்போவதும் நின்றுவிட்டது. கடைக்கு மேலே ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். வெளியூரில் ஒரு தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்.

லாரி டிரைவர் முதலில் கூப்பிட்டபோது கோளாறு உண்மையான கோளாறுதான். சத்தத்தைக் கூட்டினால் ரிசீவர் 'டக்' என்று அணைந்துவிடும். காதண்ணன் வீட்டுக்குப் போய்ப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்பீக்கர் வயரிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முறுக்கிச் செருகினார். பத்து நிமிட வேலை.

அத்தோடு பையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. சோதனைச் சத்தத்தைப் போட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்ஸ்' என்று சுற்றி வரும். இடது பக்கம் மங்கலாகக் கேட்டது.

"இடது கம்மியா இருக்கே" என்றார்.

"எனக்கு ஒரே மாதிரிதானே கேக்குது?" என்றார் டிரைவர். "செட்டோட வந்த இந்த மைக்க வச்சு செட்டே சத்தத்த அளந்துச்சு. எல்லாம் சரின்னு காட்டுச்சு."

"இத்துனூண்டு மைக் எனக்குப் பாடம் எடுக்குமா? உங்க காது லாரி எஞ்சின்ல வெந்த காது. பேசாம இருங்க."

ஆறு கூட்டிவிட்டு வந்தார்.

நாலாம் நாள் டிரைவர் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். "காதண்ணே, இடது பக்கம் கத்துது. படத்துல கார் வாசப்பக்கம் போயிடுச்சு, சத்தம் இடது பக்க ஜன்னல்லயே நிக்குது."

காதண்ணன் எல்லாவற்றையும் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கேட்டார். இடது மங்கல்தான். ஒரு நேரம் மங்கல், ஒரு நேரம் கத்தல் என்றால் இடது பக்கத்தில் ஏதோ ஒரு பாகம் சரியாக நிற்கவில்லை என்று முடிவு கட்டினார். இரண்டு டிரான்சிஸ்டரை மாற்றினார். மறுபடி கேட்டார். மறுபடி மங்கல். மறுபடி ஆறு.

மூன்றாம் தடவை போன் வந்தது. டிரைவர் சிரிக்காமல் பேசினார். "அண்ணே, உங்களுக்கு முடியலன்னா சொல்லிடுங்க. வேற ஆளப் பாத்துக்கறேன்."

முப்பத்தோரு வருடத்தில் இந்த வாக்கியத்தை யாரும் அவரிடம் சொன்னதில்லை. காதண்ணன் ஒரு ரிசீவரிடம் தோற்றார் என்று கடைவீதியில் ஒருவன் சொன்னால் போதும், அடுத்த மாதம் பட்டறை வாசலில் ஈதான் உட்காரும். மத்தியானமே கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இந்தத் தடவை பெருமையை வாசலிலேயே கழற்றிவிட்டு, தொழில் கற்ற முதல் வருடத்துப் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். இடம் மாற்று, கோளாறு எங்கே போகிறது என்று பார்.

எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தார். ரிசீவருக்குப் பின்னால் இடது வயரையும் வலது வயரையும் மாற்றிச் செருகினார். கோளாறு ரிசீவரில் இருந்தால் மங்கல் வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. அப்படியானால் ரிசீவர் சுத்தம். வயரைப் பழையபடி மாட்டி, ஸ்பீக்கர் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தார். ஜன்னல் பக்கப் பெட்டி வாசல் பக்கம், வாசல் பக்கப் பெட்டி ஜன்னல் பக்கம். மங்கல் ஜன்னல் பக்கமே நின்றது. பெட்டியும் சுத்தம். மிச்சம் இருப்பது சுவர். பின்சுவர் ஏதாவது சத்தத்தைத் தின்கிறதா என்று பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

'உஸ்ஸ்' சுற்றி வந்தது. ஜன்னல் பக்கம் கணீரென்று கேட்டது. வாசல் பக்கம் மங்கியது.

நாற்காலியை மறுபடி திருப்பினார். ஜன்னல் மங்கியது. இன்னொரு தடவை திருப்பினார். வாசல் மங்கியது.

ரிசீவரை மாற்றியாயிற்று, பெட்டியை மாற்றியாயிற்று. அந்த அறையில் இடது, வலது உள்ள பொருள் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

வலது காதை விரலால் அடைத்துக்கொண்டார். 'உஸ்ஸ்' சுத்தமாக நின்றுபோனது. செட்டின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். டிரைவரின் மனைவி, கையில் டீயோடு இடது பக்கம் நின்றிருந்தாள்.

"மூணு தடவ கூப்பிட்டேன்ணே. அன்னைக்கும் இப்படித்தான், டீ வேணுமான்னு கேட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. ரொம்பக் கெத்து புடிச்ச மனுசன்போலன்னு இவருகிட்ட சொன்னேன்."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

ஆலையில் ஒருவனுக்குக் காது மந்தமானால் பக்கத்து மிஷின்காரன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, 'டேய் செவிட்டுப்பயலே' என்று பட்டம் கட்டிவிடுவான். வீட்டில் பெண்டாட்டி இருந்தால் இரண்டு நாள் போதும். திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டும். இந்த மனிதருக்கு இடது பக்கத்தில் நின்று பேச ஆளே இல்லை. பட்டறையில் வாடிக்கையாளர்கள் எதிரே நின்று பேசுவார்கள். ஸ்பீக்கர்மேல் சாய்கிற இடது காதுக்கும் சேர்த்து, கூட்டிய சத்தத்தை வலது காதே கேட்டுவிடும். போனை வலது கையில் பிடிப்பார். இரவில் இடது பக்கம் சுவர். ஒரு காது செத்து எத்தனை வருடமாயிற்று என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியவில்லை.

டிரைவர் உள்ளே வந்தார். "என்னண்ணே, புடிச்சிட்டீங்களா?"

பொய் நாக்கு நுனியிலேயே இருந்தது. வயர் மட்டம், மாற்றிவிட்டேன் என்றால் கதை முடிந்தது. செட்டோ பூஜ்யத்தில் ஒழுங்காகத்தான் பாடும்.

"போட்டுக் கேளுங்க" என்றார்.

டிரைவர் படத்தை ஓடவிட்டார். கார் ஜன்னல் பக்கமிருந்து வாசல் பக்கம் போனது. சத்தமும் கூடவே போனது. "அடி சக்க. காதண்ணன்னா சும்மாவா. என்ன கோளாறு?"

அந்தப் பாராட்டுக்குமேல் பொய் சொல்ல வரவில்லை.

"செட்டுல ஒண்ணுமில்ல. ஒரு இழை தொட்டுச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் இடது காது கேக்கல. இப்பதான் தெரிஞ்சுது. உங்க மைக் சொன்னதுதான் சரி."

டிரைவர் ஒரு கேலிக்கு வாயெடுத்து, பாதியில் மூடிக்கொண்டார். பிறகு, "கடவீதில நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றார்.

"நீங்க தொறக்கலன்னாலும் அடுத்த செட்டு தொறந்துடும். இனிமே மீட்டர் வச்சுத்தான் பாக்கணும்."

டிரைவரின் மனைவி நாற்காலியைச் சுற்றி வந்து அவருடைய வலது பக்கம் நின்றாள். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தவாண்ணே?" என்று அங்கிருந்து கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் போன் வந்தது. இடது காதில் வைத்துப் பார்த்தார். சுவரில் வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு வலது காதுக்கு மாற்றினார்.

"அண்ணா, லைன்ல இருக்கியா? எவ்வளவு நேரமா நானே கத்திக்கிட்டிருக்கேன். என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. டவர் சரியில்ல."

டிரைவரிடம் சொல்ல முடிந்தது. அவளிடம் முடியவில்லை. சொன்னால் அழுவாள். ஒரு காதால் அதைக் கேட்டுக்கொண்டு இங்கே என்ன செய்வது.

திங்கட்கிழமை காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனார். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது பக்கம் விரல் ஓய்வில்லாமல் அழுத்தியது. இடது பக்கம் வந்ததும் சும்மா கிடந்தது. பொத்தான் கோளாறோ என்று பழக்கதோஷத்தில் அதைத் திருப்பிப் பார்த்தார்.

பரிசோதித்த பெண் காகிதத்தைப் பார்த்தாள். "ரொம்ப நாளா இருக்கு சார். டிவி சத்தமா வைக்கறீங்க, கூப்பிட்டா திரும்பலன்னு வீட்ல யாரும் சொல்லலையா?"

"சொல்லல" என்றார்.

அவள் ஒரு படிவத்தைத் தள்ளினாள். வயது எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, எழுதினார். கடைசிக் கட்டத்தில், வீட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது.

1.