பத்து வயது நாய்க்கு எஃகுத் தகடு

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, திருவிடந்தைப் பக்கம் நிலம் விற்றவர்களெல்லாம் திடீரென்று உயர்ஜாதி நாய் வளர்க்கத் தொடங்கிய காலம். நான் செங்கல்பட்டில் கால்நடை மருத்துவர். மாடு கொண்டுவருகிறவர்கள் நான் சொல்வதைக் கேட்பார்கள். நாய் கொண்டுவருகிறவர்கள் எனக்கே வைத்தியம் சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்படி ஒருவர், அடிபட்ட லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு இரண்டாகியிருந்தது. உள்ளே கம்பி செலுத்தினால் போதும், மெதுவாகக் கூடிவிடும் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கம்பியெல்லாம் பழசு டாக்டர். ஃபாரின்ல இன்னா வெக்கிறானோ அத்த வெச்சிடுங்க."

எஃகுத் தகடு வைத்துத் திருகாணி போடலாம். ஆனால் நாய்க்குப் பத்து வயது, மனிதக் கணக்கில் கிழவி, மயக்க மருந்தைத் தாங்குமா என்று யோசிக்க வேண்டும் என்றேன்.

"வயசு இன்னா டாக்டர் வயசு? இருக்கிற வரிக்கும் வலியில்லாம நடக்கட்டும். வாயில்லா ஜீவன்."

நெகிழ்ந்துதான் போனேன். இப்படியும் ஒரு மனிதரா என்று நான் வியந்து முடிப்பதற்குள், காரிலிருந்து இறங்கிய அவருடைய அம்மா உள்ளே வந்து சேர்ந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து. நாய் அவர் கையை நக்கியது. காலுக்கு என்னம்மா என்று கேட்டேன். மகன் பதில் சொன்னார்.

"போன வருசம் பாத்ரூம்ல வுயுந்துடுச்சி. இதே தொட எலும்புதான். ஆபரேசன்னாங்க. இந்த வயசுல எதுக்கு கத்தின்னு நாட்டுக் கட்டு போட்டுட்டோம்."

அம்மாவுக்கு வாய் இருந்தது. அதுதான் அவர் செய்த தப்பு போலிருக்கிறது.

தகடு வைத்தோம். நாய் தேறிவிட்டது. அடுத்த முறை காட்ட வந்தபோது அது முன்னால் ஓடிவர, அம்மா பின்னால் வந்தார். மகன் வெளியே காரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இந்தத் தகடு மனுசாளுக்கும் வெப்பாங்களா நைனா?" என்று அம்மா மெல்லக் கேட்டார்.

"மனுசங்களுக்கு வெச்ச பிறகுதாம்மா நாய்க்கே வந்தது."

அவர் நாயின் காலைத் தடவினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மகன் உள்ளே வந்ததும், அம்மாவை நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், இப்போதும் ஏதாவது செய்ய முடியும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெருமையாகச் சிரித்தார்.

"எதுக்கு டாக்டர்? நாய் ஏறதுக்கு வூட்டுப் படிய இடிச்சி சரிவா கட்டிட்டேன். அம்மாவும் அதுலயே ஏறிக்குது."